நிற்கும் வேனிலும் பெற்றோல் கரைகிறது
பழைய வாகனங்களில் எஞ்சின் குலுங்கி, ஐட்லிங் கூடுவது ஏன்?

கனமூலையிலிருந்தும் அதைச் சூழவுள்ள கிராமங்களிலிருந்தும் அதிகாலையில் மரக்கறி, தேங்காய், கருவாடு, இறால் ஏற்றிக்கொண்டு புறப்படும் வேன்களில் பல முப்பது வயதைத் தாண்டியவை. டொயோட்டா லைட்ஏஸ், நிசான் வெனட் போன்ற பெற்றோல் வேன்களை நம்பித்தான் நமது சிறு வியாபாரிகள் பலரின் குடும்பம் ஓடுகிறது. புதிய வாகனம் வாங்குவது அவர்களுக்கு எட்டாக்கனி. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வேன்களின் விலையே மலையேறிவிட்டது. எனவே இருப்பதைப் பேணி ஓட்டுவதே இன்று பலருக்குள்ள ஒரே வழி.

இவ்வாறான வாகனங்களில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. எக்ஸலரேட்டரில் கால் வைக்காமலே எஞ்சின் இரைகிறது, அத்துடன் குலுங்கவும் செய்கிறது. கராஜ் பாஸ்மார் இதனை 'ஸ்லோ நிற்கவில்லை' என்பர். ஓடும் போது பெரிதாகத் தெரியாததால் உரிமையாளர்களும் பொறுத்துக்கொண்டு போகின்றனர். ஆனால் இந்தப் பொறுமைக்கு ஒரு விலை உண்டு.

சுமார் 1,500 சிசி கொள்ளளவுள்ள எஞ்சின் ஒன்று சூடான பின் நிமிடத்துக்கு 700 முதல் 850 சுற்று வரை ஓடினால் போதுமானது. அந்த வேகத்தில் நின்று கொண்டிருக்கும் போது மணித்தியாலத்துக்கு ஒரு லீட்டருக்கும் குறைவாகவே பெற்றோல் செலவாகும். அதுவே 1,500 சுற்றில் நின்றால் செலவு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. சாமான் ஏற்றும் நேரம், சந்தை வரிசை, ரயில்வே கடவை எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் வேன் நின்றபடி ஓடுகிறது என வைத்துக்கொள்வோம். வீணாவது அரை லீட்டர் என்று குறைத்தே கணக்கிட்டாலும், மாதம் 25 நாளைக்கு பன்னிரண்டரை லீட்டர், வருடத்துக்கு 150 லீட்டர். லீட்டரை 300 ரூபாவாக எடுத்தால் 45,000 ரூபா. இது நிற்கும் போது போவது மட்டும். அதே பழுதினால் ஓடும் போது போவது தனிக்கணக்கு. 2022 ஜனவரியில் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் அதே வருடம் ஜூன் 26 ஆம் திகதி 470 ரூபாவுக்கு ஏறியதை அனுபவித்த நமக்கு, அரை லீட்டரின் பெறுமதியைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

இன்னொரு விடயமும் உண்டு. வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் புகைப் பரிசோதனையில் தேற வேண்டும். பெற்றோல் வாகனங்களை ஐட்லிங்கிலும் 2,500 சுற்றிலும் வைத்தே காபன் மொனொக்சைட்டையும் எரியாத ஹைட்ரோகாபனையும் அளக்கின்றனர். ஐட்லிங் சரியில்லாத வேன் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

எமக்குத் தெரிந்த சகோதரர் ஒருவரின் கதையை இங்கு சொல்வது பொருத்தம். மரக்கறி வியாபாரம் செய்பவர். அவருடைய லைட்ஏஸ் வேனில் எஞ்சின் குலுங்கத் தொடங்கியது. முதலில் காட்டிய கராஜில் பிளக் மாற்றினார்கள். குலுக்கல் போகவில்லை. சந்தியில் நிற்கும் போது எஞ்சின் அணைந்துவிடுகிறது என்று அவர் மீண்டும் போக, காபரேட்டரில் இருக்கும் ஐட்லிங் ஸ்குரூவைத் திருகிக் கூட்டிவிட்டார்கள். அணைவது நின்றது, இரைச்சல் வந்தது. ஒரு மாதம் கழித்து காபரேட்டரே பழுது என்று சொல்லப்பட்டதால், பஞ்சிகாவத்தையிலிருந்து பாவித்த காபரேட்டர் ஒன்றை வரவழைத்துப் பூட்டினார். அதுவும் சரிவரவில்லை, இன்னொன்று பூட்டினார். இரண்டுக்கும் கூலிக்குமாகப் போன பணம் அவருடைய ஒரு மாத இலாபத்தை விழுங்கிவிட்டது. கடைசியில் ஒரு நாள் மதுரங்குளிச் சந்தியில் பிரேக்கை மிதித்த போது பெடல் கல்லுப் போல் இறுகி நின்றிருக்கிறது. முன்னால் நின்ற முச்சக்கர வண்டியில் மோதாமல் தப்பியது மயிரிழையில். பிறகு வேறொருவர் பார்த்த போதுதான் தெரிந்தது, எஞ்சினிலிருந்து பிரேக் பூஸ்டருக்குப் போகும் இறப்பர் ஹோஸின் அடிப்பக்கம் வெடித்திருக்கிறது. சில நூறு ரூபா சாமான். அதை மாற்றியதும் பிரேக்கும் சரியானது, ஐட்லிங்கும் சரியானது. கழற்றி வைத்த பழைய காபரேட்டரில் எந்தப் பழுதும் இருக்கவில்லை.

வெடித்த ஹோஸ் ஒன்று எப்படி எஞ்சினைக் குலுக்கும் என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை இலகு. பெற்றோல் எஞ்சினில் பிஸ்டன் கீழிறங்கும் போது காற்றை உறிஞ்சுகிறது. நாம் கால் வைக்காத போது த்ரொட்டில் தட்டு மூடியிருப்பதால் அதற்குப் பின்னால், இன்டேக் மெனிபோல்டில் வெற்றிடம் உண்டாகிறது. பிரேக் பூஸ்டர், டிஸ்ட்ரிபியூட்டரின் வக்கியூம் அட்வான்ஸ், எயார் கண்டிஷன் போட்டால் சுற்றைக் கூட்டும் கருவி எல்லாம் இந்த வெற்றிடத்தைக் கொண்டுதான் வேலை செய்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு இறப்பர் ஹோஸ். எடையளவில் ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று என்பதே முழுமையாக எரியும் கலவை. ஹோஸ் வெடித்தால் காபரேட்டருக்குத் தெரியாமலே வேறு வழியால் காற்று உள்ளே நுழைகிறது. கலவை நீர்த்துப் போகிறது. சில சிலிண்டர்களில் பற்றுகிறது, சிலவற்றில் பற்றுவதில்லை. அதுதான் குலுக்கல். வேகம் கூடும் போது எஞ்சின் எடுக்கும் மொத்தக் காற்றுடன் ஒப்பிடுகையில் இந்தத் திருட்டுக் காற்று மிகச் சிறிது. ஆகவே ஓடும் போது குலுக்கல் மறைந்துவிடுகிறது. 'ஓடினால் சரி, நின்றால்தான் வருத்தம்' என்று உரிமையாளர் சொன்னால் முதலில் காற்றுக் கசிவைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டிய முக்கிய விடயம், காபரேட்டர் வாகனத்தில் பல சமயங்களில் குலுக்கல்தான் நோய், கூடிய ஐட்லிங் அதற்குக் கொடுத்த மருந்து. ஸ்குரூவைக் கூட்டியவர் நோயை மூடி வைத்திருக்கிறார். எனவே கராஜுக்குப் போகும் போது 'இரைகிறது' என்று மட்டும் சொல்லாதீர்கள். முதலில் குலுங்கியதா, முதலில் இரைந்ததா, இடையில் யாராவது ஸ்குரூவில் கைவைத்தார்களா என்பதைச் சொல்லுங்கள்.

காசு செலவாகாத சோதனைகள்

காலையில் எஞ்சின் குளிராக இருக்கும் போது ஐட்லிங் கூடியிருப்பது பழுதல்ல. சோக் வேலை செய்கிறது என்பதே அதன் பொருள். சில நிமிடங்களில் எஞ்சின் சூடானதும் தானாக இறங்க வேண்டும். இறங்காவிட்டால்தான் தேடலைத் தொடங்க வேண்டும்.

முதலில் எக்ஸலரேட்டர் கேபிள். பெடலை விட்ட பின் காபரேட்டரிலுள்ள த்ரொட்டில் கை முழுமையாகத் திரும்பி, ஸ்குரூவில் முட்டி நிற்கிறதா என்று பாருங்கள். கையால் பின்னுக்குத் தள்ளியதும் இரைச்சல் குறைந்தால் கேபிளோ ஸ்பிரிங்கோதான் குற்றவாளி. நமது கரையோரப் பிரதேசத்தில் இதற்கு ஒரு விசேட காரணமும் உண்டு. களப்பு உப்புக் காற்றில் எஞ்சினுக்கும் பொடிக்கும் இடையிலுள்ள எர்த் வயர் பச்சை பிடித்து அரித்துவிடும். அப்போது ஸ்டாட்டர் இழுக்கும் பெரிய மின்சாரம் திரும்பிப்போக வழியின்றி எக்ஸலரேட்டர் கேபிளின் உலோக உறை வழியாகப் பாயும். கேபிள் சூடாகி உள்ளேயுள்ள பிளாஸ்டிக் உருகி இறுகிவிடும். அடிக்கடி கேபிள் மாற்ற வேண்டி வருகிறதென்றால் கேபிளைக் குறைசொல்லாமல் எர்த் வயரைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கிப் பாருங்கள்.

அடுத்து சோக். எயார் பில்டர் மூடியைக் கழற்றினால் காபரேட்டரின் வாயில் ஒரு தட்டு தெரியும். சூடான எஞ்சினில் அது நேராக நிமிர்ந்து திறந்திருக்க வேண்டும். பாதி மூடியிருந்தால் பெற்றோல் அளவுக்கு மிஞ்சிப் போகும், கறுப்புப் புகையும் பெற்றோல் வாடையும் வரும். கையால் இழுக்கும் சோக் என்றால் கேபிளைப் பாருங்கள். தானியங்கி சோக் என்றால் அதைத் திறப்பது பெரும்பாலும் ரேடியேட்டர் தண்ணீரின் சூடு அல்லது ஒரு மின்சூடாக்கி.

தண்ணீரின் சூடு என்றதும் நமது நாட்டில் பரவலாக உள்ள ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எஞ்சின் சூடேறுகிறது என்று போனால் தேமோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது! 'நமது வெயிலுக்கு அது தேவையில்லை' என்பார்கள். தேமோஸ்டாட் திறப்பது பெரும்பாலும் 82 அல்லது 88 பாகையில். எஞ்சின் அந்தச் சூட்டுக்கு வந்து நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அது வைக்கப்பட்டிருக்கிறது. அதைக் கழற்றினால் தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டருக்கு ஓடும். எஞ்சின் உரிய சூட்டுக்கு வர நீண்ட நேரமாகும், மெதுவான ஓட்டத்தில் வராமலே போகலாம். சோக் முழுமையாகத் திறக்காது, ஐட்லிங் இறங்காது, பெற்றோல் கூடுதலாக எரியும், சிலிண்டர் தேய்மானமும் கூடும். சூட்டுக்குக் காரணமாக இருந்த அடைபட்ட ரேடியேட்டரோ தேய்ந்த வாட்டர் பம்போ அப்படியே இருக்கும். உங்கள் வேனில் தேமோஸ்டாட் இருக்கிறதா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பதில் வியப்பளிக்கலாம்.

இப்போது காற்றுக் கசிவு. எஞ்சினை ஓடவிட்டு, மெனிபோல்டிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு ஹோஸையும் துணி சுற்றிய குறட்டினால் ஒன்றன்பின் ஒன்றாக நசுக்கிப் பாருங்கள். எந்த ஹோஸை நசுக்கும் போது எஞ்சினின் சத்தம் தெளிவாக மாறுகிறதோ, கசிவு அந்தப் பாதையில் உள்ளது. கிராங்கேஸிலிருந்து வரும் பீசிவி ஹோஸை நசுக்கினால் மட்டும் சுற்று சற்றுக் குறைவது இயல்பு. அந்த வால்வைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஒயில் கசடில் இறுகிவிட்டது. காபரேட்டர் அடியிலுள்ள கெஸ்கட்டையும் மெனிபோல்ட் பொருத்துகளையும் சோதிக்க, சவர்க்காரத் தண்ணீரை ஸ்பிரே போத்தலில் எடுத்துச் சிறிது சிறிதாக விசிறுங்கள். கசியும் இடத்தில் தண்ணீர் உறிஞ்சப்படும், சத்தமும் மாறும். டிஸ்ட்ரிபியூட்டரிலும் பிளக் வயரிலும் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிலர் இதற்குப் பெற்றோலையே ஊற்றிப் பார்க்கின்றனர். சூடான சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் பெற்றோல் ஊற்றுவது வேனையும் ஆளையும் எரிக்கும் வேலை. எக்காரணம் கொண்டும் அதற்கு இடமளிக்காதீர்கள்.

பிரேக் பூஸ்டரைச் சோதிப்பதும் இலகு. எஞ்சினை அணைத்துவிட்டு பிரேக்கை ஐந்தாறு தடவை மிதியுங்கள், பெடல் இறுகும். மிதித்த காலை எடுக்காமல் எஞ்சினை ஸ்டாட் பண்ணுங்கள். பெடல் சற்றுக் கீழிறங்கினால் நல்லது. இறங்காவிட்டால், அல்லது மிதிக்கும் போது 'ஸ்ஸ்' என்று காற்றுச் சத்தம் வந்து எஞ்சின் குலுங்கினால், அந்த வேனில் சுமை ஏற்றாதீர்கள். கராஜுக்கு அந்த நிலையில் ஓட்டிக்கொண்டு போவதை விட பாஸை வீட்டுக்கு அழைப்பது மேல்.

காபரேட்டரில் உண்மையாகவே பழுது இருப்பதும் உண்டு. அதை அறிய ஒரு வழி. காபரேட்டரில் சுற்றைக் கூட்டும் ஸ்குரூ வேறு, ஐட்லிங் கலவையைச் சீராக்கும் ஸ்குரூ வேறு. இரண்டாவதை மெதுவாக உள்ளே திருகினால் எஞ்சின் தடுமாறி அணையப் பார்க்க வேண்டும். முழுமையாக உள்ளே போன பின்னும் எந்த மாற்றமும் இல்லையென்றால், எஞ்சின் ஐட்லிங் ஜெட்டில் ஓடவில்லை. கூட்டி வைக்கப்பட்ட த்ரொட்டில் வழியாக மற்றைய துவாரங்களிலிருந்து பெற்றோலை இழுத்து ஓடுகிறது. ஐட்லிங் ஜெட் மயிர்த்துவாரம் போன்றது. பல மாதங்கள் கேனில் கிடந்த பெற்றோல் பிசினாகி அதை அடைத்துவிடும். 2022 இல் வரிசையில் நின்று சேமித்த பெற்றோலை நெடுநாள் வைத்திருந்து ஊற்றிய பலருக்கு இந்த அனுபவம் உண்டு. ஜெட்டைக் கழற்றிக் காற்றடித்தால் போதும், கம்பி விட்டுக் குத்தக் கூடாது. ஜெட்டுடன் ஒரு சிறிய சொலனொயிட் இருந்தால், சாவியைத் திருப்பும் போது 'டிக்' என்ற சத்தம் வர வேண்டும். வராவிட்டால் அதற்கு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். வயர் கழன்றிருந்ததற்காகக் காபரேட்டர் மாற்றியவர்களும் இருக்கிறார்கள்.

நான்கு பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்துப் பார்ப்பது இரத்தப் பரிசோதனை போன்றது. வெளிறிய மண்ணிறம் என்றால் நல்ல எரிவு. நான்கும் கரியென்றால் சோக், எயார் பில்டர், கலவை ஆகியவற்றைப் பாருங்கள். ஒன்று மட்டும் வெள்ளையாக வெளுத்திருந்தால் அந்தச் சிலிண்டருக்குப் பக்கத்தில் மெனிபோல்ட் கெஸ்கட் கசிகிறது. ஒன்று மட்டும் ஒயிலில் நனைந்திருந்தால் விடயம் வேறு; பிஸ்டன் றிங், வால்வு சீல் பக்கம் போக வேண்டும். வக்கியூம் கேஜ் வைத்திருக்கும் பாஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. நல்ல எஞ்சினில் முள் 17 முதல் 21 அங்குலத்தில் ஆடாமல் நிற்கும். குறைந்து, ஆடாமல் நின்றால் காற்றுக் கசிவு அல்லது பிந்திய டைமிங். ஒரே தாளத்தில் துடித்தால் வால்வு ஒன்று சரியாக மூடுவதில்லை. அப்படியானால் எந்த ஸ்குரூவைத் திருகியும் பயனில்லை.

ஸ்குரூவில் கைவைப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். பொயின்ட், பிளக், வால்வு இடைவெளி, டைமிங் ஆகியவற்றைச் சரிசெய்த பின் ஐட்லிங்கை வைக்க வேண்டும். முதலில் அதை வைத்துவிட்டுப் பிறகு டைமிங்கைக் கூட்டினால் சுற்று மீண்டும் ஏறிவிடும்.

காபரேட்டர் இல்லாத வாகனங்கள்

தொண்ணூறுகளின் பிற்பகுதிக்குப் பின் வந்த பெற்றோல் வாகனங்களில் பெரும்பாலானவை இன்ஜெக்ஷன் வகை. இவற்றில் கதை சற்று மாறுகிறது. மெனிபோல்ட் அழுத்தத்தை வைத்துப் பெற்றோலைக் கணக்கிடும் எஞ்சினில் எங்காவது காற்றுக் கசிந்தால், கம்பியூட்டர் அதற்கும் சேர்த்துப் பெற்றோலை விடுகிறது. எனவே யாரும் ஸ்குரூவைத் தொடாமலே ஐட்லிங் கூடும். 1,000 க்கும் 1,800 க்கும் இடையில் மூச்சு வாங்குவது போல் ஏறி இறங்குவதும் இதனால்தான். கால் வைக்காத நிலையில் சுற்று கூடியிருப்பதைக் கண்ட கம்பியூட்டர் வாகனம் இறக்கத்தில் போகிறது என்று எண்ணிப் பெற்றோலை நிறுத்தும், சுற்று விழும், மீண்டும் விடும், மீண்டும் ஏறும்.

இவற்றில் முதலில் பார்க்க வேண்டியது ரேடியேட்டர் தண்ணீர். தண்ணீர் குறைந்தாலோ காற்று அடைத்தாலோ சூட்டை உணரும் சென்சர் எஞ்சின் இன்னும் குளிரில் இருப்பதாகவே சொல்லிக்கொண்டிருக்கும். அந்தச் சென்சரை ஓம் மீட்டரால் அளக்கலாம். டொயோட்டாவில் 20 பாகையில் ஏறத்தாழ 2,000 முதல் 3,000 ஓம், 80 பாகையில் 200 முதல் 400 ஓம் காட்ட வேண்டும். அடுத்தது த்ரொட்டில் பொடியிலும் ஐட்லிங் வால்விலும் படியும் கரி. உரிய ஸ்பிரேயினால் கழுவினாலே பல வாகனங்கள் அடங்கிவிடும். பழைய டொயோட்டாக்களில் ஸ்கேனர் இல்லாமலே பழுதின் இலக்கத்தை அறியலாம். போனட்டுக்குள் உள்ள சோதனைப் பெட்டியில் உரிய இரு முனைகளை இணைத்தால் டாஷ்போர்டில் எஞ்சின் லைட் சிமிட்டும். 22 என்றால் தண்ணீர்ச் சூட்டு சென்சர், 41 என்றால் த்ரொட்டில் சென்சர். இந்த வாகனங்களில் த்ரொட்டில் தட்டு முட்டி நிற்கும் ஸ்குரூ தொழிற்சாலையில் வைக்கப்பட்டது. அதைத் திருக முனையும் பாஸிடமிருந்து வாகனத்தை எடுத்துக்கொண்டு வருவதே நல்லது.

பழைய வேன் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் வருவதற்கு முன்பே எஞ்சின் சூடாக்கி வைக்கப்பட்டிருந்தால் வேறொரு நாள் காலையில் சொல்லாமல் போய்ப் பாருங்கள். குளிரில் ஸ்டாட் பண்ணி, சுற்று ஏறி, சில நிமிடங்களில் தானாக இறங்குகிறதா என்று கவனியுங்கள். இறங்கிய பின் பிரேக்கை மிதியுங்கள், லைட்டைப் போடுங்கள், எயார் கண்டிஷன் இருந்தால் அதையும் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எஞ்சின் சற்றுச் சுணங்கிச் சமாளிக்க வேண்டும். பிறகு ஐட்லிங் ஸ்குரூவின் தலையைப் பாருங்கள். சுற்றியுள்ள இடமெல்லாம் தூசும் ஒயிலும் படிந்திருக்க, அதன் தலை மட்டும் ஸ்குரூ டிரைவர் பட்டுப் பளபளவென்று இருந்தால், விலை பேசுவதற்கு முன் அந்த வேனை உங்களுக்குத் தெரிந்த பாஸிடம் காட்டுங்கள்.